மூணு ஏக்கர் கட்டைவிரல்

கேக்குறவுகளுக்குக் கொட்டாவி வர்றதுக்குள்ள சொல்லி முடிக்கணும்னா கதை இம்புட்டுத்தான்: கார்த்திகை மாசம் ஒம்பது நாள் விடாம மழை கொட்டி, நொச்சிக்கரிசல் ஊர்ல மக்காச்சோளமும் உளுந்தும் நின்ன எடத்துலயே அழுகிப்போயி, தண்ணி வடிஞ்ச மறுநாள் காலையில பாத்தா ஒவ்வொரு நெலத்துலயும் ஒரு கட்டைவிரல் ரேகை விழுந்து கெடந்துச்சு. கொட்டாவி வராதவுக உக்காருங்க. மிச்சத்துலதான் வெவகாரமே இருக்கு.

மொதல்ல பாத்தது காசிலிங்கம். ஊருக்குத் தண்ணி தொறந்துவிடுற ஆளு அவன். பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போட ஏணியில ஏறினவன், மேல நின்னு பீடி பத்தவைக்கத் திரும்பினப்ப, தெக்க, வடக்க, கெழக்க, எங்கிட்டுப் பாத்தாலும் கரிசல் மண்ணு சுழி சுழியா, வளையம் வளையமா, மையில ஒத்தி எடுத்த வெரலு கணக்காத் தெரிஞ்சுச்சு. வேற ஊர்க்காரன்னா சாமியக் கூப்பிட்டிருப்பான். காசிலிங்கம் கீழ பாத்து ஒரே சத்தம்தான் போட்டான்: "ஏ, எவன்யா இம்புட்டுக் கோணலா உழுது வச்சிருக்கிறது?"

கீழ நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. மொழங்கால் ஒசரத்துக்கு ஒரு மேடு, பக்கத்துல ஒரு பள்ளம், மறுபடி மேடு, மறுபடி பள்ளம்; தண்ணி இழுத்துட்டுப் போன மண்ணுன்னுதான் நெனைக்கத் தோணும். தொட்டி மேல ஏறினாத்தான் வெரலு. அதனால அன்னைக்கு ஊரே தொட்டி ஏறுச்சு. வேட்டியத் தார்ப்பாச்சிக் கட்டிக்கிட்டு ஆம்பளைக ஏறினாக, ஆம்பளைக எல்லாரும் எறங்கித் தூரப் போனதுக்கு அப்புறம் பொம்பளைக ஏறினாக, ஏற முடியாத ரெண்டு கெழடுக கீழ நின்னுக்கிட்டு, "அதெல்லாம் எங்க காலத்துலயே விழுந்திருக்கு"ன்னு சொல்லிக்கிட்டாக.

சீனியம்மாவும் ஏறினா. அவளுக்கு வயசு அம்பத்திரண்டு, புருசன் செத்துப் பத்தொம்பது வருசம். அவன் செத்த வருசமே, பொம்பள எப்படி வெள்ளாமை பாப்பான்னு கேட்டவுக வாயில மண்ணப் போட்டுட்டு, வரதராசு மொதலாளியோட மூணு ஏக்கரை வாரத்துக்குப் பிடிச்சா. வாரம்னா வாய்ப்பேச்சுதான், காயிதம் கெடையாது. வெளையிறதுல மூணுல ஒரு பங்கு மொதலாளிக்கு. நஷ்டம் வந்தா பூராவும் சீனியம்மாவுக்கு. அதுல பங்கு கேக்கவே மாட்டாரு, நல்ல மனுசன்.

மேல நின்னு தன் நெலத்தைப் பாத்தவ கண்ணச் சுருக்குனா. ரேகைக்கு நடுவுல, வடமேக்குல இருந்து தெங்கிழக்கு வரைக்கும், சாய்வா ஒரு பள்ளம் வெட்டிக்கிட்டுப் போச்சு.

"ஏ காசிலிங்கம், நம்ம காட்டுக்குக் குறுக்க எப்பப்பா ஓடை வந்துச்சு?"ன்னு மேல இருந்து கேட்டா.

"ஓடை இல்ல மதினி. ஒங்க சோத்துக்கை வெரலைப் பாருங்க"ன்னு தள்ளி நின்ன எடத்துல இருந்தே சத்தம் போட்டான்.

பாத்தா. எட்டு வருசத்துக்கு முன்னாடி கம்பு அறுக்கயில கதிரருவா இழுத்துவிட்ட தழும்பு, கட்டைவிரலுக்குக் குறுக்க, சாய்வா, அதே மாதிரி.

"அடப்பாவி, மூணு ஏக்கர் வெரலுக்கு நான் எங்கிட்டுப் போயி மருதாணி அரைக்க?"ன்னா. கீழ நின்ன பொம்பளைக சிரிச்ச சிரிப்புல ஏணி ஆடுச்சு.

ஏன் விழுந்துச்சு, எப்படி விழுந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. மழை ஏன் பெஞ்சுச்சுன்னு யாராச்சும் கேட்டாகளா? யாரு ரேகைங்கறதுதான் கேள்வி. பெட்டிக்கடையில மை டப்பா அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள வித்துத் தீந்துச்சு. ஆளுக்கொரு காயிதத்துல வெரலை ஒத்தி, அதை எடுத்துக்கிட்டு மறுபடி தொட்டி ஏறி, காயிதத்தை ஒரு கண்ணுலயும் காட்டை ஒரு கண்ணுலயும் வச்சுப் பாத்தாக. பாத்து எறங்கினவுக பாதிப்பேரு மொகம் எறங்கித்தான் எறங்கினாக.

காசிலிங்கம் காட்டுலயே அவன் ரேகை இல்ல. ஒண்ணரை ஏக்கர்லயும் அவன் பொண்டாட்டி ரேகைதான். நடுவுல தேஞ்சுபோன ரேகை. ரேசன் கடை மிஷினு நாலு தடவை வச்சாலும் நீ யாருன்னு கேக்குமே, அந்த ரேகை. "மிஷினுக்குத் தெரியாதது மண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு"ன்னு சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி அவ சோத்தை அவன் முன்னாடி வைக்காம அடுப்புக்கிட்டயே வச்சா. அவனே எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்கிட்டான். வரப்புக்காக எட்டு வருசம் பேசாம இருந்த அண்ணன் தம்பி ரெண்டு பேரு நெலத்துல, ஒரே ரேகை வரப்பைச் சட்டை பண்ணாம இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக் கெடந்துச்சு. அது அவுக ரெண்டு பேருக்கும் வேலை பாத்த அத்தையோடது. கோயில் நெலத்துல நூறு ரேகை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து வெறும் மைத்திட்டாக் கெடந்துச்சு. இருவது வருசமா சீமைக்கருவேலை மண்டிக் கெடந்த நெலத்துல வெள்ளாட்டுக் குளம்பு. டிராக்டர் ஓட்டுற செண்பகராசு, "ஊரு பூரா உழுதவன் நான், எங்க என் ரேகை?"ன்னு சண்டைக்கு வந்தான். "நீ உக்காந்துதானப்பா உழுத, அதுக்குத் தக்கன எங்கயாச்சும் விழுந்திருக்கும், நல்லாத் தேடிப் பாரு"ன்னு அனுப்பி வச்சாக.

பொண்ணு கேட்டு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன், எம்மவன் அஞ்சு ஏக்கர் பாக்குறான்னு நெஞ்ச நிமித்திச் சொன்னான். அவன் நெலமும் நொச்சிக்கரிசல் எல்லைக்குள்ளதான் கெடந்துச்சு. பொண்ணோட தாய்மாமன் எந்திரிச்சுப் போயித் தொட்டி ஏறி எறங்கி வந்து, "மாப்பிள்ளை சரியில்ல, ஆனா மாப்பிள்ளையோட ஆத்தா தங்கம்"னு சொல்லிட்டுக் காப்பியக் குடிச்சான். இப்படியே பத்து நாள்ல ஊருக்குப் பழகிப்போச்சு. காலையில எந்திரிச்சா மழை வருமான்னு வானத்தைப் பாக்குறது போல, ரேகை இருக்கான்னு காட்டைப் பாத்தாக. இருந்துச்சு.

பதினோராம் நாள் வி.ஏ.ஓ. ஜெஸிந்தா மேடம் ஸ்கூட்டியில வந்து டீக்கடை முன்னாடி எறங்கினாக. அவுக கையில அடங்கல் நோட்டு. எந்த நெலத்துல யாரு என்ன பயிரு வச்சிருக்காகன்னு வருசா வருசம் எழுதுற நோட்டு அது. எழுதுறதுன்னா, காட்டைப் பாத்து எழுதுறது இல்ல, போன வருசத்து நோட்டைப் பாத்து எழுதுறது. நொச்சிக்கரிசல்ல பருத்தி போட்டுப் பன்னெண்டு வருசம் ஆச்சு, அடங்கல்ல இன்னும் வெடிச்சுக்கிட்டே இருக்கு. செத்துப்போன நாலு பேரு அதுல பாசிப்பயறு போட்டுக்கிட்டு சௌரியமா இருக்காக.

"இந்த வருசம் அப்படி எழுத முடியாது"ன்னாக மேடம். "வெள்ள நிவாரணம் உண்மையிலயே சாகுபடி செஞ்சவங்களுக்குத்தான். நேர்ல வந்து பாத்து எழுதணும்னு மேல இருந்து உத்தரவு. ஆனா ஒண்ணு. போன்ல ஏத்தணும், ஒரு சர்வே நம்பருக்கு ஒரு பேருதான் எடுக்கும். ரெண்டு பேரு எனக்கு உனக்குன்னா, தகராறுன்னு விழுந்துரும். தகராறுன்னா பணம் பட்டாதாரருக்கே போயிரும். அடுத்த வாரம் வியாழக்கிழமை வாறேன்."

சீனியம்மா அன்னைக்கு டீயக் கையில வச்சுக்கிட்டுக் குடிக்காமயே நின்னா. பணம் ஆசை இல்லாமலா இருக்கும், கொத்தமல்லி விதைக்கணும்னா வெதைக்குக் காசு வேணும். ஆனா அவளுக்கு அந்த நோட்டுல பேரு வேணும். மதுரையில எலெக்ட்ரிக் கடை வச்சிருக்கிற வரதராசுக்கு மண்வெட்டியில எது பிடி எது தகடுன்னு தெரியாது. ஆனா பட்டா அவரு பேர்ல இருக்கிறதுனால விவசாயி அவருதான். அரசாங்கம் விவசாயிக்குன்னு வருசத்துக்கு மூணு தவணை போடுற பணம் அவரு போன்லதான் டிங்குன்னு விழும். வறட்சி வந்தா வறட்சிப் பணம், டிங்கு. வெள்ளம் வந்தா வெள்ளப் பணம், டிங்கு. அந்த டிங்கு கேட்ட கையோட சீனியம்மாவுக்குப் போன் போட்டு, "என்னம்மா, இந்த வருசம் வாரம் எப்ப வரும்?"னு கேப்பாரு. பொங்கலுக்கு ஒரு சேலை உண்டு. பதினெட்டுச் சேலை ஆச்சு, அம்புட்டும் ஒரே பச்சை, மொத்தமா எடுத்துப் போட்டிருப்பாரு போல. அதைக்கூடப் பொறுத்துக்குவா. சொசைட்டிக்கு உரம் வாங்கப் போனா, மொழங்கால் வரைக்கும் கரிசல் மண்ணு ஒட்டியிருக்கிற அவளைப் பாத்துக்கிட்டே கிளார்க்கு, "விவசாயி வரலையா?"ன்னு கேப்பான் பாருங்க, அதைத்தான் பத்தொம்பது வருசமாப் பொறுக்க முடியல.

சேதி மதுரைக்குப் போயி, மறுநாளே வரதராசு காருல வந்து எறங்கினாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, ஏணியில ஏறப் பயம். செண்பகராசு போன்ல எடுத்துக் காட்டின படத்தைப் பாத்தாரு. பாத்துட்டு நேரா டீக்கடைக்கு வந்தாரு.

"சீனியம்மா, எங்க தாத்தா காலத்து நெலம். என் ரேகைதான விழணும்?"

"விழட்டும் மொதலாளி. ஒங்களுக்கு எந்த எடம் வேணும்? காலையில ஆறு மணிக்கு வந்து ரெண்டு கொத்துக் கொத்துங்க, விழுதான்னு பாப்போம்."

டீக்கடை சிரிச்சுச்சு. வரதராசு மொகம் செவந்துபோச்சு. அவரு கெட்டவரு இல்ல, பயந்தவரு. நோட்டுல அவ பேரு ஏறினா, நாளைக்குக் குத்தகைப் பாத்தியம்னு கோர்ட்டுக்குப் போவா, நெலம் கையை விட்டுப் போயிரும்னு யாரோ அவரு காதுல ஓதியிருக்காக. எந்திரிச்சு நின்னு, ஊரு கேக்கச் சொன்னாரு:

"எங்கப்பா மேல சத்தியமாச் சொல்லுதேன். உன் பேரு அடங்கல்ல ஏறுச்சுன்னா மறுநாளே நீ நெலத்தை விட்டு எறங்கிரணும். ஏறலைன்னா, நீ இருக்கிற வரைக்கும் நீதான் உழுவ, நானே எறங்குன்னு சொன்னாலும் எறங்க வேண்டாம். அம்புட்டுத்தான்."

அவரு போனதுக்கு அப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாக. பேரு ஏறிட்டா எந்தக் கொம்பனும் எறக்க முடியாது, கேஸு போடுன்னாக. "கேஸு முடியுறதுக்குள்ள நான் முடிஞ்சிருவேன்"னா சீனியம்மா. பேசாம விட்டுரு, நெலமாச்சும் மிஞ்சும்னாக. "அப்ப கிளார்க்குக்கு யாரு பதில் சொல்லுவா?"ன்னா. ரெண்டு நாள் யோசிச்சா, சோறு எறங்காம யோசிச்சா, கடைசியில, என்ன ஆனாலும் ஆகட்டும், பேரை ஏத்திட்டுத்தான் மறுவேலைன்னு முடிவு பண்ணிட்டு, ஏத்தப்போற ரேகைய இன்னொரு தடவை ஆசையாப் பாக்கலாம்னு தொட்டி ஏறினா.

அப்பத்தான் அதைப் பாத்தா.

நெலத்தோட கெழக்கு ஓரத்துல, வாய்க்காலை ஒட்டி, அவ ரேகைக்குள்ளயே இன்னொரு ரேகை. ஒரு கட்டில் அளவுக்குச் சின்னதா இருந்துச்சு. அவ சுழி எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு எதிர்ப்பக்கம் சுத்துச்சு. இடதுகை ரேகை. நொச்சிக்கரிசல்ல இடதுகையில களைகொத்து பிடிக்கிறவ ஒருத்திதான், இருளாயி. பதினஞ்சு வருசமா சீனியம்மா காட்டுக்குக் களை எடுக்க வர்ற கூலிக்காரி. நாப்பது வயசு, அஞ்சு வார்த்தைக்கு மேல பேசாதவ.

"மதினி, அங்கிட்டு என்ன பாக்கீக?"ன்னு காசிலிங்கம் கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. தண்ணி தேங்கின எடம்"னா சீனியம்மா.

மறுநாள் விடியுமுன்ன மண்வெட்டிய எடுத்துக்கிட்டுப் போயி, அந்தக் கட்டில் அளவு எடத்தைக் கொத்திப் பரசி மட்டம் பண்ணிட்டு வந்தா. ரெண்டு பேருன்னா தகராறு, தகராறுன்னா பட்டாதாரருக்குன்னு மேடம் சொன்னதுதான் காதுல ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் போயிப் பாத்தா, பரசுன எடத்துல ரேகை திரும்ப வந்திருந்துச்சு, கட்டில் அளவு இப்ப மாட்டுத்தொழு அளவு. மறுபடி கொத்தினா. மறுபடி வந்துச்சு. கையில கொப்புளம் வந்துச்சு, ரேகையும் வந்துச்சு. இருளாயி வீட்டு வாசல்ல நின்னு, "காட்டுல வேலை ஒண்ணும் இல்ல, பத்து நாளைக்கு அங்கிட்டு வராத"ன்னு சொல்லிட்டு வந்தா. இருளாயி சரிக்கான்னா. ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா ஒரு பொய்யோட போயிருக்கும். கேக்காததுனால வழி பூரா அந்தப் பொய்ய அவளே சொமந்துக்கிட்டு வந்தா.

நாலாம் நாள் விடியக்காலம் கெழக்கு ஓரத்துல அவ குனிஞ்சு கொத்திக்கிட்டிருக்கயில, மேக்கு ஓரத்துல டிராக்டர் சத்தம். செண்பகராசு. வரதராசு மொதலாளி அவனுக்கு மணிக்கு இவ்வளவுன்னு வாடகை பேசி, சீனியம்மா ரேகைய அழிச்சு உழுன்னு அனுப்பியிருக்காரு. அந்த வாரத்துல அது அவனுக்கு மூணாவது தடவையாம், முந்தின ரெண்டும் நடுராத்திரியில. நேரா ஓட்டிட்டுப் போவானாம், விடிஞ்சா உழுத சாலு வளைஞ்சு பழைய எடத்துக்கே வந்துருமாம். மேக்க அவன் அவளை அழிச்சான், கெழக்க அவ இன்னொருத்திய அழிச்சா, நடுவுல மூணு ஏக்கர் மண்ணு ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு.

செண்பகராசு வண்டிய நிறுத்திட்டு, "என்ன மதினி, நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வேலையா?"ன்னான்.

"நான் களை வெட்ட வந்தேன்."

"பயிரே இல்லாத காட்டுலயா களை?"

"ஓன் வண்டியப் பாத்து ஓட்டுறா"ன்னா சீனியம்மா. குரலு அவளுக்கே வேற மாதிரி கேட்டுச்சு. அன்னைக்கு வரப்பு மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. வரதராசுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பாத்தா, அவருக்கு டிராக்டர், தனக்கு மண்வெட்டிங்கறது மட்டுந்தான் தோணுச்சு. ஆனா வியாழக்கிழமை காலையிலயும் மண்வெட்டிய எடுத்துக்கிட்டுத்தான் போனா, அன்னைக்குக் கொத்தக் கொத்தவே பின்னால ரேகை வந்துக்கிட்டிருந்துச்சு. அதையும் சொல்லிரணும்.

ஜெஸிந்தா மேடம் பத்து மணிக்கு வந்தாக. சேலைக்குப் பின்னு குத்திக்கிட்டு, தொட்டி ஏறி, ஏறின வேகத்துல எறங்கி, ஒவ்வொரு காடா நடந்து எழுதிக்கிட்டே வந்தாக. காசிலிங்கம் பொண்டாட்டி பேரு ஏறுச்சு. அந்த அத்தை பேரு ஏறுச்சு. ஆட்டுக் குளம்பைப் பாத்து ஒரு நிமிசம் யோசிச்சு, தரிசுன்னு எழுதினாக. சீனியம்மா காட்டுக்கு வரயில மணி ஒண்ணு. பின்னாலயே ஊரு. ஊருக்குப் பின்னால, கருப்புக் குடை பிடிச்சுக்கிட்டு வரதராசு.

"யார்மா சாகுபடி?"

சீனியம்மா கட்டைவிரலை நீட்டினா. மேடம் தழும்பைப் பாத்தாக, காட்டைப் பாத்தாக, போனை எடுத்தாக. எடுத்துட்டு நிறுத்தினாக.

"மேல இருந்து பாக்கயில கெழக்குப் பக்கம் வேற ஒண்ணு தெரிஞ்சுச்சே. களத்து அளவுக்குப் பெருசா. அது யாரோடது?"

தண்ணி தேங்கின எடம்ங்கற வார்த்தை சீனியம்மா நாக்கு நுனியில வந்து நின்னுச்சு. சொல்லியிருப்பா. சொல்றதுக்கு வாயத் தொறந்தவ கண்ணு கூட்டத்துக்குள்ள போச்சு, கூட்டத்துக்குக் கடைசியில இருளாயி நின்னா. இடதுகையைச் சேலைக்குள்ள மறைச்சு வச்சிருந்தா. சேலை காத்துல வெலகினப்ப பாத்தா, அந்தக் கட்டைவிரலுக்குத் துணி சுத்தி, நூலு போட்டுக் கட்டியிருந்தா. காயம் பட்ட கட்டு இல்ல அது. யாராச்சும் வெரலைக் காட்டுன்னு கேட்டா காட்டாம இருக்கிறதுக்குக் கட்டின கட்டு. நீங்க ஏத்திக்கோங்க ஒங்க பேரை, நான் இல்லன்னே ஆயிக்கிடுதேன்னு சொல்ற கட்டு.

சீனியம்மா மேடம் பக்கம் திரும்பினா.

"மேடம், அது தண்ணி தேங்கின எடம் இல்ல"ன்னா. யாரும் அப்படிச் சொல்லல, அவளாத்தான் சொன்னா. "அந்தா நிக்கா பாருங்க, இருளாயி, அவ ரேகை. பதினஞ்சு வருசம் களை எடுத்தவ."

மேடம் உச்சுக் கொட்டினாக. "அம்மா, உங்களுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு பேருன்னா தகராறு. பட்டாதாரருக்குப் போயிரும்."

குடைக்கு அடியில வரதராசு மூச்சு விட்டாரு. விட்டது பத்தடிக்குக் கேட்டுச்சு.

"ஒரு பேருதான எடுக்கும்?"

"ஒரு பேருதான்."

"அப்ப அவ பேரை எழுதுங்க."

"உங்களோடதுதானம்மா பெருசு?"

"பெருசை யாராலயும் அழிக்க முடியல மேடம். மொதலாளி மூணு தடவை டிராக்டர் விட்டாரு, முடியல. அது இருந்துக்கிடும். இவளோடதைத்தான் நெதமும் விடியக்காலம் மண்வெட்டி எடுத்துட்டு வந்து கொத்தி அழிச்சேன். வேற யாரும் இல்ல, நாந்தான். நோட்டுல இருந்தாத்தான் அதுக்குப் பாதுகாப்பு. எழுதுங்க. நான் தகராறு பண்ணல."

மேடம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாக. அப்புறம் இருளாயிகிட்ட நடந்து போயி, அந்த நூலை அவுகளே அவுத்து, துணிய உருவி, வெரலை வெயிலுக்குத் திருப்பிப் பாத்தாக. போன்ல ஏத்தினாக, நோட்டுலயும் எழுதினாக. பேரு: இருளாயி. பயிரு: மக்காச்சோளம், உளுந்து. சேதம்: முழுசும்.

"யாரு இது? யாரு இருளாயி?"ன்னு வரதராசு குடையத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்தாரு. "என் நெலத்துல இப்படி ஒரு ஆளு இருக்கிறதா எனக்குத் தெரியவே தெரியாதே!" அப்புறம் சீனியம்மா பக்கம் திரும்பி, "சத்தியம் ஞாபகம் இருக்குல்ல? நாளைக்கே..."ன்னு ஆரம்பிச்சாரு.

"நாளைக்கே என்ன மொதலாளி?"ன்னான் காசிலிங்கம், ரொம்ப மரியாதையா. "சீனியம்மா மதினி பேரு ஏறினா எறங்கணும்னீக. ஏறலையே. ஏறலைன்னா அவுக இருக்கிற வரைக்கும் உழுவாகன்னு உங்கப்பா மேல சத்தியம் பண்ணுனீக. டீக்கடையே சாட்சி. ஏறின பேரு இருளாயி. அவளை எறக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு சத்தியம் பண்ணணும், அதுக்கு வேற அப்பா வேணும்."

வரதராசு வெரல் விட்டு ஒண்ணு ரெண்டு எண்ணிப் பாத்தாரு, எப்படி எண்ணினாலும் கணக்கு அங்கதான் வந்து நின்னுச்சு. குடைய மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, வெயில்லயே நடந்து காருக்குப் போனாரு. சீனியம்மா இதை யோசிச்சுத்தான் பண்ணினாளா, இல்ல பண்ணினதுக்கு அப்புறம் அப்படி அமைஞ்சுதான்னு நொச்சிக்கரிசல்ல இன்னமும் பேச்சு ஓடுது. அவளைக் கேட்டா, "எனக்கு ஏதுப்பா அம்புட்டு யோசனை"ம்பா. அதையும் நம்ப முடியாது, நம்பாம இருக்கவும் முடியாது.

கூட்டம் கலைஞ்சப்புறம் ரெண்டு பேரும் வரப்புல முன்னும் பின்னுமா நடந்தாக.

"ஏட்டி, நான் அழிக்கிறது உனக்குத் தெரியுமா?"

"மொத நாளே பாத்தேன்க்கா."

"பாத்துட்டு ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

இருளாயி நின்னா. அஞ்சு வார்த்தைக்கு மேல பேசாதவ அன்னைக்கும் அதைத் தாண்டல.

"நீங்க ஒங்க மொதலாளிகிட்ட கேட்டீகளாக்கா?"

சீனியம்மா வாய்க்காலைத் தாண்டுனா, கருவேலஞ் செடி ஒண்ணைப் பிடுங்கினா, கையில முள்ளு ஏறி அதை எடுத்தா.

தை பொறந்து மல்லி விதைக்கிற அன்னைக்கு இருளாயி வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து நின்னா. நிவாரணப் பணம் அதுக்கு முந்தின வாரமே வந்திருந்துச்சு. போன் இல்லாத வீடு, டிங்கு கேக்கல. பேங்குல போயித்தான் தெரிஞ்சுக்கிட்டா. அதுல ரெண்டு பங்கு சீனியம்மாவுக்கு, ஒரு பங்கு தனக்குன்னு அவளாப் பிரிச்சுத் துணியில முடிஞ்சு கொண்டாந்து கொடுத்ததுல இருந்துதான் மல்லி வெதையே வாங்கினாக. மண்ணுல ரேகை அப்படியே இருந்துச்சு. மேட்டுல விதைக்கவா, பள்ளத்துல விதைக்கவான்னு ஊர்ல எல்லாருக்கும் இருந்த சந்தேகம் அவுகளுக்கும் இருந்துச்சு. சீனியம்மா வெதைப்பெட்டிய இருளாயி இடுப்புல ஏத்திவிட்டா.

"கெழக்குப் பக்கம் நீ பாத்துக்கோ."

"சரிக்கா." நாலு எட்டு வச்சவ திரும்பினா. "அக்கா, இன்னைக்குக் கூலி கூட்டித் தருவீகளா?"

"கூலியா? நல்லா இருக்கேடி கதை! நோட்டுல ஏறியாச்சு, இப்ப நீ விவசாயி. விவசாயிக்கு எவன்டி கூலி கொடுப்பான்? எனக்குப் பத்தொம்பது வருசமா எவன் கொடுத்தான்?"

இருளாயி வெதைப்பெட்டியோட அப்படியே நின்னு, அந்த மூணு ஏக்கரையும் மேக்க இருந்து கெழக்க வரைக்கும் ஒரு பார்வை பாத்தா. அப்புறம் பெட்டியக் கீழ எறக்கி வச்சா.

"அப்ப மண்வெட்டிய எடுத்துட்டு வாங்கக்கா. ரெண்டு பேரும் சேந்து என் ரேகைய அழிச்சிருவோம்."